டிரை விழுந்ததும் வாயடைத்துப் போகும் அணிக்கு யாரைக் கேப்டன் ஆக்குவது?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தமிழ்நாடு–கேரள எல்லையில், வேலந்தாவளம் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறீர்கள். கையில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பையன்களின் செவன்ஸ் அணி, அதாவது ஏழு பேர் ஆடும் ரக்பி அணி இருக்கிறது, பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் மலையாளம். இருப்பதிலேயே நன்றாக ஆடுகிற பையனைக் கேப்டன் ஆக்கினீர்கள். ஆனால் எதிரணி முதல் டிரை (பந்தை நம் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்ட நிமிடத்திலிருந்து ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் வீரர்கள் ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையைத் தாங்களே கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள் என்று படித்து, அதையும் செய்து பார்த்தீர்கள். சில நாளிலேயே மூத்த பையன்கள் மூன்று பேர் துடைப்பத்தைச் சின்னப் பையன்கள் கையில் திணித்துவிட்டார்கள். கடைசியில் "கேப்டனை மாற்றலாமா, யாரைப் போடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் கேள்வி அதுவல்ல என்று படுகிறது. நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறபோது இந்தப் பையன்கள் ஏன் தாங்களாக ஒன்றையும் முடிவு செய்வதில்லை என்பதுதான் கேள்வி. கேப்டனை மாற்றினால் அது தீராது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறேன், பையன்களுக்கும் பெண்களுக்கும். சம்பளத்துக்கு ஆடுகிற பெரியவர்களை நான் பயிற்றுவித்ததில்லை. அதனால் கீழே சொல்வது எல்லாம் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்று பார்த்ததும், இந்த விளையாட்டின் பெரிய அணிகளைப் பற்றிப் பொதுவில் தெரிந்ததும் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். செவன்ஸ் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடம், மொத்தம் 14. இடைவேளை அதிகபட்சம் 2 நிமிடம். கபடியில் இருப்பதுபோல் கோச் கேட்டு வாங்கும் டைம் அவுட் இதில் கிடையாது. மஞ்சள் அட்டை வாங்கினால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அதாவது ஆட்டத்தில் ஏழில் ஒரு பங்கு நேரம் ஆறு பேரோடு சமாளிக்க வேண்டும். நடுவரிடம் பேசுகிற உரிமை கேப்டனுக்கு மட்டும். பெனால்டி கிடைத்தால் தட்டிவிட்டு ஓடுவதா, வெளியே உதைத்து லைன் அவுட் (வெளியிலிருந்து எறிகிற பந்துக்கு இரு அணியும் வரிசையாக நின்று போட்டியிடுவது) எடுப்பதா, ஸ்க்ரம் (இரு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது) கேட்பதா என்று ஓரிரு நொடியில் சொல்லியாக வேண்டும், அதை நீங்கள் சொல்ல முடியாது. அப்படியானால் செவன்ஸில் கோச் தலைமை தாங்குகிற இடம் பயிற்சி மைதானம் மட்டும்தான். போட்டி நாளில் அவர் ஒரு பார்வையாளர். இதை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளாத கோச்தான் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் கத்தக் கத்தப் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது, உங்கள் அணியின் அமைதிக்குப் பெரும்பங்கு காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்பதாவது படிக்கிற பையன் பிளஸ் டூ பையனிடம் சத்தமாக எதையும் சொல்லக்கூடாது என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லி வளர்த்திருக்கிறோம். நல்ல பழக்கம், நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் செவன்ஸில் கடைசியில் தனியாக நிற்கிற ஸ்வீப்பர் பெரும்பாலும் சின்னவனாக, வேகமாக ஓடுகிறவனாக இருப்பான். முன்னால் நிற்கிற ஆறு பேரின் முதுகும், அவர்களுக்கு நடுவில் விழுகிற ஓட்டையும் அவன் ஒருவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். ஓட்டை விழுகிற இடத்தில் நிற்பவன் பிளஸ் டூ அண்ணனாக இருந்தால் இவன் என்ன செய்வான்? "அண்ணா, கொஞ்சம் வலது பக்கம் வாங்கண்ணா" என்று தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் எதிரணிக்காரன் அந்த வழியே போய் டிரை போட்டிருப்பான். மலையாளம் பேசுகிற பையன் "சேட்டா" என்று ஆரம்பிப்பான், அதே கதைதான். மூத்தவன் திரும்பி "டேய், உன் வேலையைப் பாரு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்தச் சின்னவன் அந்த சீசன் முழுக்க வாய் திறக்க மாட்டான். நாம் வெளியே நின்று "பேசுங்கடா, பேசுங்கடா" என்று கத்துகிறோம். பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

மரியாதையை எடுத்துவிடச் சொல்லவில்லை. மைதானத்துக்கு வெளியே அண்ணா அண்ணாவாகவே இருக்கட்டும். ஆட்டத்துக்குள் மட்டும், கூப்பிடுவது ஆளை அல்ல, மொத்த வரிசையை என்று மாற்றிவிடுங்கள். என் பிள்ளைகள் அவர்களாகவே உட்கார்ந்து மூன்று நான்கு சத்தங்களை முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். வரிசை முன்னேற "கேறு", நிற்க "நில்லு", நகர வேண்டிய பக்கத்துக்கு "வலது", "இடது". இரண்டு மொழிக்காரர்களுக்கும் பழகிய சத்தங்கள், யாருக்கும் அதட்டுவதுபோல் கேட்காது. அப்புறம் பயிற்சியில் ஒரே ஒரு விதி வைத்தேன். சின்னவர் ஒரு சத்தம் கொடுத்து மூத்தவர் நகரவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்துவேன், திட்ட மாட்டேன், "இப்போது என்ன சத்தம் கேட்டது?" என்று மூத்தவரிடம் மட்டும் கேட்பேன். கேட்டதைத் திருப்பிச் சொன்னால் ஆட்டம் தொடரும். அவ்வளவுதான். சின்னவரிடம் "இன்னும் சத்தமாகச் சொல்லு" என்று நெருக்குவதைவிட, மூத்தவரைக் கேட்க வைப்பது பல மடங்கு வேகமாக வேலை செய்கிறது. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி, குரலே எழும்பாது, அவளுக்குப் பந்தே கொடுக்காமல் வரிசைக்குப் பின்னால் நடக்க வைத்து, எல்லாரும் மெதுவாக நடந்துகொண்டே டிஃபென்ஸ் பழகும் நேரத்தில் சத்தம் மட்டும் கொடுக்கச் சொன்னேன். ஓடுகிற மூச்சிரைப்பு இல்லாதபோது முதலில் குரல் வந்தது. அவள் சொன்னதற்கு ஆறு பேர் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு தைரியம் வந்தது. இப்போது பயிற்சிக்கு வந்தால் முதலில் கேட்பது அவள் குரல்தான்.

அடுத்தது, டிரை விழுந்த உடனே வருகிற அந்த நேரம். பதினைந்து பேர் ஆடுகிற ரக்பியில் கோல் போஸ்டுக்குக் கீழே கூடி நின்று பேசக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். செவன்ஸில் அப்படி இல்லை. எதிரணி கன்வெர்ஷன் கிக் (டிரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைப்பது) எடுப்பதற்குள் உங்கள் அணி தங்கள் பக்கத்துப் பத்து மீட்டர் கோட்டருகே போய் நிற்க வேண்டும், டிரை போட்டவர்களே திரும்பவும் கிக் ஆஃப் செய்வார்கள். ஒரு நிமிடம்கூட இல்லாத அந்த நடையில்தான் உங்கள் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு தனித்தனியாக நடக்கிறார்கள், இல்லையா? அந்த நடையை ஒரு பயிற்சியாகவே சொல்லிக்கொடுங்கள். முதலில் பேச வேண்டியது ஸ்வீப்பர், ஓட்டை எங்கே விழுந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும், யாரால் விழுந்தது என்று சொல்லக்கூடாது. இரண்டாவது, கிக் ஆஃப் பந்தைப் பிடிக்கப் போகிறவர், பந்து எந்தப் பக்கம் வரும் என்று நினைக்கிறார், யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாகப் பேச யாரும் இல்லை. பெரிய உற்சாக வார்த்தைகள் எதுவும் வேண்டாம். நம் பக்கத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் உயரமாக வருகிற கிக் ஆஃப் பந்து கடைசி நொடியில் இரண்டு மூன்று அடி தள்ளிப் போய் விழும். காற்றை யார் கவனிக்கிறார்கள் என்பதே ஒரு பொறுப்பு. என் அணியில் அந்த வேலைக்கென்று ஒருத்தர் உண்டு, ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்த்துவிட்டுத்தான் டாஸுக்குப் போகிற கேப்டனிடம் எந்தப் பக்கம் கேட்கலாம் என்று சொல்வாள்.

பயிற்சியில் இந்த நடையை எப்படிப் பழக்குவது என்றால், வேண்டுமென்றே அவர்களை டிரை வாங்க வையுங்கள். ஏழுக்கு ஒன்பது பேரை எதிரில் நிறுத்துங்கள், டிரை விழும். விழுந்ததும் விசில் ஊதி, அந்த நடையை நடக்க வைத்து, இருவரும் பேசியதும் கிக் ஆஃப். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு நிலைமையைச் சொல்லி ஆட விடுங்கள்: இரண்டு நிமிடம் பாக்கி, ஐந்து புள்ளி பின்னால் இருக்கிறோம், ஒருத்தர் மஞ்சள் அட்டையில் வெளியே, நம் இருபத்திரண்டு மீட்டர் கோட்டுக்குள் பெனால்டி கிடைத்திருக்கிறது. என்ன செய்வீர்கள்? அவர்கள் என்ன முடிவு எடுத்தாலும் ஆட விடுங்கள். முடிந்ததும் "என்ன பார்த்து அப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்கு அது திட்டாகத்தான் கேட்கும், உடனே "சாரி சார்" என்று சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பேச வட்டமாக உட்காரும்போது வயதில் சின்னவர் முதலில், மூத்தவர் கடைசியில். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும்.

இது வெறும் பள்ளிக்கூட யோசனை இல்லை. 2004-ல் ஆல் பிளாக்ஸின் தலைமைக் கோச் ஆன கிரஹாம் ஹென்றி, ஆட்டத்துக்கு முன் அறையில் நின்று உணர்ச்சியோடு பேசும் வழக்கம் உள்ளவர். அப்போதைய கேப்டன் டானா உமாகா அவரிடம் தனியாக, இந்தப் பேச்சு எங்களுக்காகவா அல்லது உங்களுக்காகவா என்று கேட்டாராம். ஹென்றியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்து அந்தப் பேச்சுகளையே அவர் கைவிட்டார். கோச்கள் ஒரு பக்கம், ஆட்டக்காரர்களில் சிலர் சேர்ந்த தலைமைக் குழு ஒரு பக்கம் என்று அணியை இருவருமாக நடத்தும் முறை அந்தக் காலத்தில்தான் அங்கே வளர்ந்தது. எல்லாரும் மேற்கோள் காட்டுகிற துடைப்பத்தைவிட இதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைமைக் குழு, அந்தப் பண்பாடு எல்லாம் இருக்கும்போதே 2007 உலகக் கோப்பைக் கால் இறுதியில் கார்டிஃபில் பிரான்சிடம் 18–20 என்று தோற்றுப்போனார்கள். கடைசி நிமிடங்களில் ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்தால் ஜெயித்திருக்கலாம். டிரைக்காகவே முட்டிமோதிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் வெகுதூரத்திலிருந்து ஒன்றை உதைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. நல்ல மனிதர்கள், நல்ல ஒழுக்கம், ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை எல்லாம் இருந்தும் நெருக்கடியில் தெளிவாக முடிவெடுக்க முடியவில்லை. நியூசிலாந்து வாரியம் ஹென்றியை அனுப்பிவிடாமல் தொடர வைத்தது. அதற்குப் பிறகு அணியின் மனப்பயிற்சிக் கோச் கில்பர்ட் எனோகாவும், தடயவியல் மனநல மருத்துவரான செரி எவன்ஸும் சேர்ந்து, பதற்றம் ஏறும்போது அதை அடையாளம் கண்டு நிதானத்துக்குத் திரும்புவதையே வீரர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். 2011 இறுதிப் போட்டியில் அதே பிரான்சுக்கு எதிராக, அரைமணி நேரத்துக்கும் மேல் ஒரே ஒரு புள்ளி முன்னிலையைக் காப்பாற்றி 8–7 என்று ஜெயித்தார்கள். அன்று ஜெயிக்கப் போதுமான பெனால்டியை உதைத்தவர் ஸ்டீபன் டொனால்ட், டான் கார்ட்டரும் காலின் ஸ்லேடும் காயப்பட்டதால் போட்டித் தொடரின் நடுவில் கூப்பிடப்பட்டவர். எனவே முடிவெடுக்கும் பயிற்சியை முதல் ஏழு பேருக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள், பெஞ்சில் இருப்பவர்களும் அதே வட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

சரி, கேப்டன் விஷயத்துக்கு வருவோம். பெல்ஜியத்தில் ஆட்டக்காரர்களும் கோச்களுமாக 4,451 பேரிடம் கேட்டு 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. அணித் தலைமையை நான்கு வேலைகளாகப் பிரித்தார்கள்: ஆட்ட யுக்தியைச் சொல்பவர், மைதானத்தில் உசுப்பேற்றுபவர், வெளியே எல்லாரையும் ஒட்டவைப்பவர், நிர்வாகத்திடமும் வெளியாட்களிடமும் அணிக்காகப் பேசுபவர். இந்த நான்கில் எதிலுமே தங்கள் கேப்டன் முதன்மையானவர் இல்லை என்று 44 சதவீதம் பேர் சொன்னார்கள். நான் இதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் மைதானத்தில் நாம் பார்ப்பதும் அதுதான். இந்த ஆய்வு சொல்வது அணிகள் தங்களை எப்படிப் பார்க்கின்றன என்பதை மட்டும்தான், வேலையைப் பிரித்துக் கொடுத்தால் கோப்பை வரும் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் உங்கள் நிலைமைக்கு உபயோகமான கேள்வி அதில் இருக்கிறது. இந்த நான்கு வேலையையும் உங்கள் பையன்களில் இப்போதே யார் யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் சும்மா நின்று பாருங்கள். காயம்பட்ட பையனிடம் சாயங்காலம் யார் போய் விசாரிக்கிறான், பஸ்ஸில் இரண்டு மொழிக் கூட்டத்துக்கும் நடுவில் யார் உட்காருகிறான், நடுவர் விசில் ஊதினால் கோபப்படாமல் யார் நிற்கிறான். கேப்டன் பட்டைக்கு நான் தேடுவது கடைசி ஆளைத்தான், ஏனென்றால் சட்டப்படி நடுவரிடம் பேசப்போவது அவன். அவன் அணியிலேயே சிறந்த ஆட்டக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் நட்சத்திரப் பையனுக்கு உண்மையில் பாரம் குறையும், அவன் ஓடட்டும்.

இரண்டு மொழி இருப்பதைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள், அதை நான் பெரிய தடையாகப் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் தேசிய கீதத்திலேயே ஐந்து மொழிகள் இருக்கின்றன. அந்நாட்டு ரக்பி அணியின் முதல் கறுப்பினக் கேப்டனாக 2018-ல் பொறுப்பேற்ற சியா கொலிசி அடுத்த வருடம் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32–12 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கினார். மொழி வேறாக இருப்பதால் அணி உடைவதில்லை, சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்தால்தான் உடையும். நம் எல்லைப்பக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் காதில் விழுந்தே வளர்ந்த பழக்கம் உண்டு, டாக்கிள் பழக ஜோடி பிரிக்கும்போது மொழி மாற்றி ஜோடி போட்டுவிட்டால் போதும். தன் உடம்பை எதிராளி பத்திரமாகக் கீழே இறக்குவான் என்று நம்பித்தான் டாக்கிள் பழகவே முடியும். அந்த நம்பிக்கை வந்தவர்கள் டிபன் பாக்ஸையும் தானாகப் பகிர்ந்துகொள்வார்கள்.

இப்போது துடைப்பம். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஆல் பிளாக்ஸ் அறையைக் கூட்டுவதன் பொருளே, அணியில் பெரிய பெயர் எடுத்தவர்கள் அதைச் செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பள்ளியில் நடந்தது அதற்கு நேர் எதிர். அதுவும் நம் ஊரில் துடைப்பம் ஒரு சாதாரணப் பொருள் இல்லை. பள்ளிக்கூடத்தைக் கூட்டச் சொன்னால் எந்தத் தெருப் பிள்ளை கைக்கு அது போகும் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை, சில இடங்களில் இன்னும் போகவும் இல்லை. நியூசிலாந்தில் பணிவைக் காட்டுகிற செயல் இங்கே ஒரு பையனுக்கு அவமானமாக முடியலாம், அதை அவன் உங்களிடம் சொல்லவும் மாட்டான். துடைப்பம் வாங்கிக்கொண்ட சின்னப் பையன்கள் யார் யார் என்று அமைதியாக யோசித்துப் பாருங்கள். வயதில் சின்னவர்கள் என்பது மட்டும்தான் காரணமா? அந்தச் சடங்கை இன்றே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதில் டாக்கிள் பைகளைத் தூக்கி வைப்பது, தண்ணீர் கேன் நிரப்புவது, கூம்புகளைப் பொறுக்குவது, இந்த மூன்றும் கேப்டனும் பிளஸ் டூ பையன்களும் செய்கிற வேலை என்று வைத்துவிடுங்கள், முதல் பையை நீங்கள் தூக்குங்கள். மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதவன் அந்த வாரம் ஆடவில்லை, எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி. இந்த ஒரு இடத்தில் நீங்கள் தளர்ந்தால் மீதி எல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

எல்லா முடிவையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடச் சொல்லவில்லை. இரண்டு விஷயம் கோச் கையை விட்டுப் போகவே கூடாது. ஒன்று, தலையில் அடி. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் போதும், உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. உலக ரக்பி அமைப்பின் விதியே அதுதான். பையன் "ஒண்ணுமில்லீங்க சார்" என்பான், மூத்தவர்கள் "அவன் ஆடுவான் சார்" என்பார்கள், கேப்டன் கெஞ்சுவான். யார் வாக்கும் இங்கே செல்லாது. மருத்துவர் பார்த்துச் சொல்லி, படிப்படியாகத்தான் திரும்ப வர வேண்டும். வலியைப் பொறுப்பதைப் பெருமையாகப் பேசுகிற அணியில் பிள்ளைகள் தலைவலியை மறைப்பார்கள், அதனால் கூட ஆடுகிறவன் தடுமாறுவதைப் பார்த்தால் கையைத் தூக்கிச் சொல்வது கேப்டனின் கடமை என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, சின்னவர்களைச் சீண்டுவது, கேலி செய்வது, சாதி சொல்லிப் பேசுவது. இதைத் தலைமைக் குழு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், பல இடங்களில் செய்கிறவர்களே அந்தக் குழுவில் இருப்பார்கள்.

இனி, எனக்கே உறுதியில்லாத இடங்கள். நல்ல பண்பாடு ஜெயிக்க வைக்கிறதா, ஜெயிக்கிற அணியின் பழக்கங்களை நாம் நல்ல பண்பாடு என்று அழைக்கிறோமா என்பதை யாரும் சுத்தமாகப் பிரித்துக் காட்டவில்லை. தோற்ற அணியும் அறையைக் கூட்டியிருக்கும், அதைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள். ஆல் பிளாக்ஸின் அந்தக் காலகட்டத்தைப் பற்றி 2014-ல் வெளியான முக்கியமான ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் கிரஹாம் ஹென்றியும் அவருடைய உதவிக் கோச் வெய்ன் ஸ்மித்தும் இருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் சொல்வதால் அதற்கு மதிப்பு உண்டு, ஜெயித்தவர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கண்டிப்பான கோச்சால் சுயமாக யோசிக்கிற ஆட்டக்காரர்களை உருவாக்க முடியாது என்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எடி ஜோன்ஸ் ஜப்பான் அணியை விடியற்காலையிலிருந்து நாளுக்குப் பல தடவை பிழிந்து எடுத்தவர். அதற்கு முன் உலகக் கோப்பைகளில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த அந்த அணி 2015 செப்டம்பர் 19 அன்று பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை எதிர்கொண்டது. கடைசிக் கட்டத்தில் 29–32 என்று பின்னால் இருந்தபோது பெனால்டி கிடைத்தது. உதைத்தால் சமன். ஜோன்ஸ் ரேடியோவில் உதைக்கச் சொன்னார். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார், மூலையில் டிரை விழுந்து 34–32. அவ்வளவு கண்டிப்பான ஒருவரின் கீழ் இருந்தும் கேப்டன் கோச்சின் பேச்சை மீறி முடிவெடுக்கத் துணிந்தார். பயிற்சியில் கடுமை, ஆட்டத்தில் சுதந்திரம் என்பது சேர்ந்தே இருக்க முடியும் என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பெரியவர்கள், தேர்ந்தெடுத்து வந்தவர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பிழிந்தால் அவன் அடுத்த வாரம் வர மாட்டான், நம் பக்கம் அதுதான் நடக்கும்.

பெற்றோர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், அடிபடும் என்பதை மறைக்காதீர்கள், பெண் பிள்ளைகளாக இருந்தால் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதைச் சொல்லிவிட்டு அந்த மணிக்குக் கொண்டுவந்து விடுங்கள். இந்தியப் பெண்கள் அணி 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றதுதான் பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு முதல் சர்வதேச வெற்றி. அந்த ஆட்டத்தின் படத்தைப் போனில் காட்டினால், நான் எவ்வளவு விளக்கினாலும் வராத சம்மதம் சில அம்மாக்களிடம் வந்திருக்கிறது.

ஆக, இப்போதைக்குக் கேப்டனை மாற்ற வேண்டாம். நடுவில் பட்டையைப் பிடுங்கினால் அந்தப் பையன் உடைந்துபோவான், மற்றவர்களும் அதைத் தண்டனையாகத்தான் பார்ப்பார்கள். அவன் வேலையில் யுக்தி சொல்வதை ஒருவனுக்கும், கிக் ஆஃப் பொறுப்பை இன்னொருவனுக்கும் பிரித்துக் கொடுங்கள். மூத்தவர்கள் மூன்று பேரையும் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பையனுக்குத் தங்கள் இடத்தை ஆடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். உத்தரவாகச் சொல்லாதீர்கள், கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மார்ச்சில் பரீட்சை எழுதிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வரிசைக்குப் பின்னால் நின்று சத்தம் கொடுக்கப் போவது இப்போது எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிறவர்கள். அதனால் "கேறு" சொல்லும் வேலையை அவர்களிடம் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். மூத்தவர்கள் கூட இருக்கும்போதே அவர்கள் அதைச் சொல்லிப் பழக வேண்டும்.